தீராத சில்லறைக் கடன்

இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1942, 1943 ஆண்டுகளில், அரிசியையும் மண்ணெண்ணெயையும் போலவே சில்லறைக் காசும் இந்தியக் கடைத்தெருக்களில் அரிதாகிப்போனது. ரூபாய் இருந்தது, அதை உடைக்க வழியில்லை. ரூபாயைக் காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளலாம். அரசு 1940இலேயே ஒரு ரூபாய் நோட்டை மீண்டும் புழக்கத்தில் விட்டிருந்தது. காலணாவுக்கும் அரையணாவுக்கும் செம்பும் நிக்கலும் வேண்டும். அந்த உலோகங்கள் தோட்டாவுக்கும் பீரங்கிக் குண்டுக்கும் போய்க்கொண்டிருந்தன. படைகள் குவிந்ததால் ரொக்கப் புழக்கம் பெருகியது, விலைவாசி ஏறியது, கையில் அகப்பட்ட காசை யாரும் வெளியே விடவில்லை. வெள்ளி நாணயத்தில் வெள்ளியின் பங்கு 1940இல் சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. விக்டோரியா ரூபாய் 1941 மார்ச்சோடு செல்லாக்காசாயிற்று. தேவைக்கு மேல் நாணயம் பதுக்குவது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றமானது. 1943இல் நடுவில் துளையிட்ட காலணா வந்தது. பழைய காலணாவின் எடையில் அது பாதிகூட இல்லை. லாகூரில் புதிதாக ஒரு நாணயச்சாலை திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் இந்தியாவுக்காகக் காசு அடித்தார்கள். அப்படியும் போதவில்லை.

அந்த இடைவெளியைக் கடைக்காரர்களே அடைத்தார்கள். மீதிச் சில்லறைக்குப் பதிலாகத் தபால்தலை கொடுத்தார்கள். அட்டையை வெட்டிக் கடை முத்திரை குத்தி, தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த முறை வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. கத்தியவாரிலும் ராஜபுதனத்திலும் சமஸ்தானங்களே இதில் இறங்கின. ஜூனாகத், மோர்வி, நவநகர், பூந்தி ஆகியவை சின்னஞ்சிறு ரொக்கச் சீட்டுகளை அச்சிட்டன. இலங்கை அரசு 1942 ஜூனில் ஐந்து சதத்துக்கு ஒரு தாள் வெளியிட்டது. தபால்தலைத் தாளைப்போல நடுவில் துளைவரிசை; அதன்படி கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மறு துண்டு மூன்று சதம். இப்படி அரசுகள் வெளியிட்டவற்றுக்கு அச்சிட்ட பட்டியல் உண்டு, ஏலத்தில் விலையும் உண்டு. மளிகைக் கடையும் காபி ஓட்டலும் டோக்கனாகக் கொடுத்த அட்டைக்கும் தகட்டு வில்லைக்கும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. நாம் முதலில் தேடிச் சேர்க்க வேண்டியவை அவைதான் என்று நான் கருதுகிறேன். அவற்றைச் சேர்க்கும் முறை, பழைய நாணயம் சேர்க்கும் முறையிலிருந்து அடியோடு மாற வேண்டும் என்றும் கருதுகிறேன். தொடங்குவதற்குச் செங்கல்பட்டு மாவட்டமும் அதன் கிழக்கு ஓரத்தில் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரை ஊர்களும் பொருத்தமான இடம்.

காரணம், பெரிய பணத்தின் சின்னங்களெல்லாம் பாதுகாக்கப்பட்டு, சின்னப் பணத்தின் சுவடு மறைந்துபோன கரை இது. கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையில் 18ஆம் நூற்றாண்டில் நாணயச்சாலை இருந்தது. ஆலம்பரை வராகன் வணிகர்களிடையே பெயர்பெற்ற நாணயம். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் கைக்கு வந்த அந்தக் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இடிந்த மதில்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் துணி வாங்கிய டச்சுக்காரர்களின் கோட்டையும் கல்லறைகளும் நிற்கின்றன. ஆனால் அன்றைய மதராஸ் கணக்கைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக ஒரு வராகன் 3,360 காசு. வராகன் வணிகரின் பெட்டியில் இருந்தது. நெசவாளரும் மீனவரும் உப்பளத்தில் வேலை செய்தவரும் வாழ்ந்தது அந்த 3,360இல் சில காசுகளைக்கொண்டு. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் வராகனுக்கு நடு இடம் கிடைக்கிறது, தேய்ந்த செப்புக்காசுக்கு ஓரம் கிடைக்கிறது. காசுகூட இல்லாதபோது கை மாறிய துண்டு அட்டைக்கு ஓரமும் இல்லை.

போர்க்காலத்தில் இந்தக் கரை அனுபவித்த பீதியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, மறுநாள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும். சென்னை காலியாகத் தொடங்கியது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குப் பெயர்ந்தன, உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. தெற்கே புறப்பட்ட ரயில்கள் செங்கல்பட்டு வழியாகத்தான் போக வேண்டும். ஊரைவிட்டுப் புறப்படும் குடும்பம் நோட்டை நம்புவதைவிட உலோகத்தை நம்பும். வழியில் குழந்தைக்குப் பால் வாங்கவும் குதிரைவண்டிக்குக் கொடுக்கவும் சில்லறைதான் உதவும். ஒவ்வொரு மடிமுடிச்சிலும் கொஞ்சம் காசு தங்கினால், ஒரு கடைத்தெருவே வற்றிப்போகப் போதும். இதற்கு அடுத்த கட்டத்தில்தான் கடைக்காரரின் அட்டை பிறக்கிறது. முதல் உலகப்போரிலும் இதே நெருக்கடி இதே நாட்டில் வந்திருந்தது. 1917இல் ஒரு ரூபாய் நோட்டும் 1918இல் இரண்டரை ரூபாய் நோட்டும் அச்சிட வேண்டியதாயிற்று. ரூபாய் அடிக்க வெள்ளி போதாமல், 1918இல் அமெரிக்கா சட்டமே போட்டு 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை விற்றது. ஆனாலும் ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்தால் இரண்டு கண்டங்கள் பேசித் தீர்க்கும். காலணாவுக்குத் தட்டுப்பாடு வந்தால் தெருமுனைக் கடைக்காரரும் அவரிடம் உப்பு வாங்க வந்தவரும்தான் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த அட்டையின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். அரையணாவுக்கு மீதி கொடுக்க முடியாத கடைக்காரர் அட்டை கொடுக்கும்போது, உண்மையில் அவர் வாடிக்கையாளரிடம் அரையணா கடன் வாங்குகிறார். வட்டி கிடையாது, தவணை கிடையாது, சாட்சி கிடையாது. வாங்கிக்கொண்டவர் அதே கடைக்குத் திரும்பி வரவேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாகிறார். அந்த அட்டையைப் பக்கத்துக் கடைக்காரரும் எடுத்துக்கொண்டால் அந்தக் கணத்தில் அது காசாகிவிடுகிறது. எந்தக் கடைவரை செல்லுபடியானதோ, அதுதான் அந்தக் கடைக்காரரின் பெயருக்கு ஊரில் இருந்த எல்லை. வங்கிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் இல்லாத சிறுவணிகர் ஒருவருக்கு அவருடைய ஊர் எவ்வளவு தூரம் மதிப்பளித்தது என்பதை அளக்க இதைவிட நேரான சான்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அரசின் மாவட்டக் கையேடுகளைப் புரட்டினால் நிலவரி, ஏரி, விளைச்சல் பற்றி ஏராளமாகக் கிடைக்கும். நாலணாவுக்கு வியாபாரம் செய்தவரின் பெயர் அங்கே ஏறுவதில்லை.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் இதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். வாக்குப்படி திருப்பி வாங்கப்பட்ட அட்டை கிழித்துப் போடப்பட்டிருக்கும். இன்றுவரை பிழைத்திருப்பவை பெரும்பாலும் திரும்பாதவை. கடை மூடியிருக்கலாம், வாங்கியவர் ஊரைவிட்டுப் போயிருக்கலாம், மடித்து வைத்த புத்தகத்துக்குள் மறந்துபோயிருக்கலாம், கடைக்காரர் மறுத்துமிருக்கலாம். அச்சிட்டு வெளியில் விடாமலே தங்கிய கட்டுகளும் இருக்கும். ஆக, ஒரு கடையின் அட்டை இன்று நூற்றுக்கணக்கில் கிடைத்தால் அந்தக் கடை பெரிய கடை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒன்றுகூடக் கிடைக்காத கடை எல்லாக் கடனையும் தீர்த்துவிட்ட நாணயமான கடையாக இருக்கக்கூடும். அரிதானது விலை உயர்ந்தது, அழுக்கில்லாதது அதைவிட உயர்ந்தது என்ற நாணயச் சந்தையின் விதி இங்கே தலைகீழாகிறது. மடிப்பு விழுந்து, எண்ணெய்க் கறை படிந்து, பின்பக்கம் பென்சிலில் கணக்கு எழுதிய அட்டை உண்மையில் ஊர் சுற்றியது. மொறுமொறுப்பாக இருப்பது யார் கைக்கும் போகாதது. முன்னதைக் கழித்து, பின்னதைத் தேடும் சேகரிப்பாளர் சான்றை விட்டுவிட்டுத் தாளைப் பிடித்துக்கொள்கிறார். தகட்டு வில்லையைப் புளிபோட்டுத் துலக்குபவரும் அதே தவற்றைச் செய்கிறார்.

இது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு இங்கிலாந்து சான்று. அங்கே 1648 முதல் 1672 வரை சிறுகாசு இல்லாமல் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் தங்கள் பெயரிலேயே செப்பு, பித்தளை வில்லைகளை வெளியிட்டார்கள். ஊர்ப்பெயர், தொழில், பெயரெழுத்துகள் எல்லாம் அதில் பொறிக்கப்பட்டன. 1672இல் மன்னரின் சொந்தச் செப்புக்காசு வந்ததும் அவை தடை செய்யப்பட்டன. எறிய வேண்டிய குப்பை என்றே அன்று எண்ணியிருப்பார்கள். ஆனால் சேகரிப்பாளர்கள் ஊர்வாரியாகச் சேர்த்தார்கள். வில்லியம் பாய்ன் என்பவர் 1858இல் அவற்றுக்குப் பட்டியல் வெளியிட்டார்; வில்லியம்சன் அதை அந்த நூற்றாண்டின் இறுதியில் விரித்தெழுதினார். இன்று ஒரு சிற்றூரில் 17ஆம் நூற்றாண்டில் மெழுகுவத்தி விற்றவர் யார், விடுதி நடத்திய கைம்பெண் யார் என்று உள்ளூர் வரலாறு எழுதுபவர்கள் அந்தப் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். அரண்மனை ஆவணத்தில் இடம்பெறாத பெயர்கள் அவை. பட்டியல் ஊர்வாரியாக இருந்ததுதான் அதன் உயிர். உலோகவாரியாகவோ விலைவாரியாகவோ அடுக்கியிருந்தால் அது வெறும் விற்பனைக் கையேடாக நின்றுபோயிருக்கும்.

இவற்றைச் சேர்ப்பதற்கு எதிரான வாதங்களில் முதலாவது சட்டம் பற்றியது. இவை சட்டவிரோதமான காசுதானே, இவற்றைப் போற்றலாமா என்று கேட்கிறார்கள். உலோகத் துண்டைக் காசாகப் புழங்கவிடுவதைத் தடுக்க 1889இலேயே உலோக வில்லைச் சட்டம் வந்துவிட்டது. கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக எழுதிய சீட்டைத் தனியார் வெளியிடுவதை 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 31ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே பொருளுக்கான சீட்டு மட்டுமே என்று சொல்லிக்கொள்வதுதான் கடைக்காரருக்குப் பாதுகாப்பு. தடை இருந்தும் ஊரே ஒரு சீட்டைப் புழங்கியிருக்கிறது என்றால், அது தேவையின் அளவைத்தான் காட்டுகிறது. சட்டத்துக்குக் காரணமும் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நியூயார்க்கில் லிண்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரர் ஏராளமான வில்லைகளை வெளியிட்டார். பயணிகளிடமிருந்து அவற்றைப் பெற்றுக் குவித்த டிராம் நிறுவனம் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது கைவிரித்துவிட்டார். தனியார் காசை 1864இல் அமெரிக்கா தடை செய்தது. ஏமாற்றியவரின் வில்லையும் வரலாற்றுச் சான்றுதான். அதைப் பாதுகாப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான நம்பிக்கை என்று நீங்கள் அழகாகச் சொல்வது, எளியவர்கள் வேறு வழியின்றி விழுங்கிய ஒன்றுதானே என்பது அது. தமிழர்களுக்கு இந்த வாதம் புத்தகத்திலிருந்து வர வேண்டியதில்லை. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்த் தொழிலாளர்கள் பறித்த பழத்துக்கு அளவுக்கு ஏற்பத் தோட்டத்தின் வில்லை கொடுக்கப்பட்டது. சம்பள நாளில்தான் அது காசாகும். கொழும்பின் ஜார்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனம் 1843இல் வேகந்தை ஆலையின் பெயரில் வில்லை வெளியிட்டது. சந்தைக்குப் போனால் செல்லாத காசைக் கூலியாகக் கொடுப்பது, கூலிக்காரரை வாசலிலேயே கட்டிப்போடும் வழி. செங்கல்பட்டின் கடைத்தெருவிலும் நிலைமை முழுக்க வேறாக இருந்திருக்க முடியாது. பத்து ரூபாய்க்குச் சரக்கு எடுப்பவருக்குச் சில்லறைத் தட்டுப்பாடு தலைவலி மட்டும்தான். காலணாவுக்கு எண்ணெய் வாங்குபவருக்கு அது அன்றைய சமையல். அட்டை வேண்டாம் என்றால் எண்ணெயும் இல்லை. நான் இந்த வாதத்தை முழுவதும் ஏற்கிறேன், ஏற்பதனாலேயே இவற்றைச் சேர்க்கச் சொல்கிறேன். தோட்ட வில்லையைப் பற்றி இன்று நாம் இவ்வளவாவது பேச முடிவதற்குக் காரணம், காட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூல் போன்ற பட்டியல்களும், சேகரிப்பாளர்கள் அவற்றைத் தோட்டவாரியாகப் பிரித்து வைத்ததும்தான். எந்தத் தோட்டம், எவ்வளவு மதிப்பு என்பது தெரிந்தால்தான் சுரண்டலைக்கூட அளக்க முடியும். உருக்கிவிட்ட பித்தளை யாருக்கு எதிராகவும் சாட்சி சொல்லாது.

மூன்றாவது வாதம் சேகரிப்பாளர்களைப் பற்றியது: தேவை என்று தெரிந்தால் போலி வரும், விலை ஏறும், கடைசியில் சான்றே கெட்டுப்போகும். வரலாறு இதற்கும் ஆதாரம் தருகிறது. ஜெர்மனியில் 1914 முதல் நகராட்சிகளும் நிறுவனங்களும் அவசரகாலத் தாள்களை வெளியிட்டன. 1921, 1922 ஆண்டுகளுக்குள் அந்தத் தாள்கள் வண்ணப் படங்களோடு, தொகுப்புத் தொகுப்பாக, சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்கென்றே அச்சிடப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஒரு கடையின் கல்லாவைக்கூடப் பார்த்ததில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வந்த கடைவில்லைகளுக்கும் இதே கதி நேர்ந்தது. சேகரிப்பாளரின் ஆசையைப் பார்த்துப் புதுப்புது வகைகளை உருவாக்கினார்கள். ஆகவே ஆபத்து உண்மை. தீர்வும் அதிலேயே இருக்கிறது. போலிக்குச் சொந்த ஊர் இருக்காது. இன்ன தெருவில் இன்ன கடையை இடித்தபோது கல்லாப்பெட்டியில் கிடைத்தது, இன்னார் வீட்டுப் பேரேட்டுக்குள் இருந்தது என்ற குறிப்போடு வரும் அட்டையைப் போலி செய்வது எளிதல்ல. குறிப்பில்லாமல் வருவது எவ்வளவு அழகாக இருந்தாலும் சந்தேகத்துக்கு உரியதுதான். கிடைத்த இடம் தெரியாததற்கு விலை கொடுப்பதில்லை என்று சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சுற்றுலாப் பயணிகள் கூடும் மாமல்லபுரம் போன்ற ஊரில் இந்த வழக்கம் இன்னும் அவசியம். அங்கே பழமை என்ற சொல்லுக்கே தனி விலை இருக்கிறது.

அரசு பார்த்துக்கொள்ளாதா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நாணயமோ கைவினைப் பொருளோ தொல்பொருளாவதற்கு நூறு ஆண்டுகள் ஆக வேண்டும். 1943இன் தகட்டு வில்லைக்கு அந்த வயது 2043இல்தான் வரும். வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 ஆண்டு போதும் என்கிறது அதே சட்டம். ஆகவே அதே ஆண்டின் காகிதச் சீட்டை அப்படிப்பட்ட ஆவணமாகக் கொண்டால், அது 2018இலேயே தகுதி பெற்றுவிட்டது. ஒரே கடைக்காரர் ஒரே வாரத்தில் கொடுத்த இரண்டில் ஒன்று தொல்பொருள், மற்றது பழைய இரும்பு! எழும்பூரின் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நாணயத் தொகுப்பு நாட்டின் பெரிய தொகுப்புகளில் ஒன்று. ஆனால் ஊர்ஊராகப் போய்ப் பழைய பேப்பர் கடையின் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது எந்த அருங்காட்சியகத்தாலும் முடியாத வேலை. அதைத் தனிமனிதர்கள்தான் செய்ய முடியும். அவர்கள் செய்யட்டும், பொருளை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பொதுச்சொத்தாக வேண்டியது படமும் குறிப்பும். 2019இல் தனி மாவட்டமான செங்கல்பட்டு, தனக்கென்று ஒரு பதிவேட்டைத் தொடங்க இது நல்ல நேரம். மாவட்ட நூலகத்தில் ஓர் அலமாரியும், வாரத்தில் ஒரு நாள் படமெடுத்துக் குறிப்பு எழுத ஒருவரும் இருந்தால் போதும். கடையின் பெயர், தெரு, தொகை, எழுத்தின் மொழி, கிடைத்த இடம், கொடுத்தவர் சொன்ன விவரம், தேய்மானம் ஆகியவற்றை எழுதிவைத்தாலே ஒரு பட்டியலுக்கு அடித்தளம் கிடைத்துவிடும்.

போர்க்காலத்தோடு நிறுத்திக்கொள்ளவும் தேவையில்லை. 1971இல் நாடாளுமன்றம் சிறுநாணயக் குற்றங்கள் சட்டத்தை இயற்றியது. சில்லறையை உருக்குவதும் அளவுக்கு மேல் சேர்த்துவைப்பதும் தனிச்சட்டம் போட வேண்டிய அளவுக்குப் பெருகியிருந்தன. 1889ஆம் ஆண்டின் வில்லைச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் இந்தச் சட்டமும் 2011இல் வந்த நாணயச் சட்டத்தால் ஒன்றாக நீக்கப்பட்டன. 2016 நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாமல் போனபோது தேசிய நெடுஞ்சாலைகளின் சுங்கச்சாவடிகளில் டிசம்பர் 2 வரை கட்டணமே வாங்கவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் பரனூர், ஆத்தூர் சாவடிகளும் திறந்து கிடந்தன. அரசால் கட்டணத்தைத் தள்ளிவைக்க முடிந்தது. மளிகைக் கடைக்காரர் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. பேருந்து நடத்துநர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியைக் கிறுக்கிக் கொடுத்ததும், மீதிக்குப் பதில் மிட்டாய் கொடுத்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இப்போது மீன் விற்பவரின் கூடையருகிலும் கியூஆர் அட்டை வந்துவிட்டது, ஐம்பது காசுக்காக யாரும் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை. நல்லதுதான். அதனால்தான் பழைய அட்டைகளை வீட்டில் வைத்திருக்கக் காரணமில்லாமல் போகிறது. கடையை இடிக்கும்போதும் வீடு மாறும்போதும் அவை முதலில் குப்பைக்குப் போகின்றன.

எங்கிருந்து தொடங்குவது என்றால், 1943இலிருந்து அல்ல என்பேன். அந்த ஆண்டில் கடை நடத்தியவர்கள் இன்று இல்லை. அவர்களின் அட்டைக்குத் தாளையும் முத்திரையையும் வைத்து மெதுவாகத்தான் விடை காண வேண்டும், அதற்கு அவசரமும் இல்லை. 1971இல் இருபது வயதில் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல் வயதாகிறது. திருக்கழுக்குன்றத்திலோ மதுராந்தகத்திலோ அவர் இருக்கிறார். அன்றைய சில்லறைத் தட்டுப்பாட்டில் எந்தக் கடையின் டோக்கனை எந்தக் கடை எடுத்துக்கொண்டது, எது எடுபடாமல் போனது, யார் கடைசிவரை திருப்பிக் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் முதலில் போய்க் கேட்க வேண்டும், டோக்கன் கையில் இல்லாவிட்டாலும்.